21-வது பெயரும் 22-வது பெயரும்: ரிசீவர்களை எப்படி ஒப்பிடுவது?

இன்னைக்கு எபிசோடு அமெரிக்கன் ஃபுட்பால் பத்தி. அதாவது என்.எஃப்.எல். அதுலயும் ஒரே ஒரு ஊர், ஒரே ஒரு அணி, ஒரே ஒரு சண்டை. ஊர் ஃபிலடெல்ஃபியா, அணி ஈகிள்ஸ். சண்டை என்னன்னா, "நம்ம ரிசீவர் ஏன் அவங்க ரிசீவர் மாதிரி இல்லை?"

ஆட்டம் தெரியாதவங்களுக்கு அரை நிமிஷத்துல சொல்லிடறேன். பந்தை எறியறவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய் அதைப் பிடிக்கறவர் ரிசீவர். பிடிச்சு எவ்வளவு தூரம் முன்னேறினார்னு யார்டுல கணக்கு. எல்லைக் கோட்டைத் தாண்டினா டச்டவுன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க: ரிசீவர் தனக்குத்தானே பந்தை எறிஞ்சுக்க முடியாது. எவ்வளவு நல்லா ஓடினாலும், எதிராளியை எவ்வளவு ஏமாத்தினாலும், இன்னொருத்தர் பார்த்து எறிஞ்சாதான் அவர் பேர்ல ஒரு நம்பர் ஏறும். இன்னைக்குப் பேசப்போற எல்லாத்துக்கும் அடிப்படை இதுதான்.

ஒரு இடம் தள்ளி இருந்தவர்

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல்ல டிராஃப்ட் நடக்கும். கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையா ஒவ்வொருத்தரா எடுப்பாங்க. 2020-ல கொரோனா காலம். எல்லாரும் வீட்ல உட்கார்ந்துக்கிட்டே நடத்தின டிராஃப்ட். ஈகிள்ஸுக்கு 21-வது இடம். டி.சி.யு. பல்கலைக்கழகத்துல ஆடிய ஜேலன் ரீகரை எடுத்தாங்க. அடுத்து 22-வது இடம் மினசோட்டா வைக்கிங்ஸுக்கு. ஸ்டெஃபான் டிக்ஸ்னு ஒரு பெரிய ரிசீவரை பஃபலோவுக்குக் கொடுத்து வாங்கின இடம் அது. அவங்க எடுத்தது எல்.எஸ்.யு.வின் ஜஸ்டின் ஜெஃபர்சனை.

முதல் சீசன் முடிஞ்சது. ஜெஃபர்சன் 88 கேட்ச், 1,400 யார்டு. ரீகர் 31 கேட்ச், 396 யார்டு. இரண்டாவது வருஷம் ரீகர் இன்னும் கீழே போய் 299 யார்டு. 2022-ல ஜெஃபர்சன் 1,809 யார்டு எடுத்து, லீகின் சிறந்த தாக்குதல் வீரர் விருதை வாங்கினார். அதே சீசன் தொடங்கறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஈகிள்ஸ் ரீகரை வேற அணிக்கு அனுப்பினாங்க. எந்த அணிக்கு? மினசோட்டாவுக்கு! ஜெஃபர்சன் இருக்கற அதே அணிக்கு. கதையில எழுதியிருந்தா 'இதெல்லாம் ஓவர்'னு சொல்லியிருப்போம்.

இதுக்கு முந்தின வருஷமும் இப்படித்தான். 2019 டிராஃப்ட்ல 57-வது இடத்துல ஈகிள்ஸ் எடுத்தது ஜே.ஜே. ஆர்சேகா-வைட்சைட். 64-வது இடத்துல சியாட்டில் எடுத்தது டி.கே. மெட்காஃப். அந்த சீசன் பிளேஆஃப்ல மெட்காஃப் ஃபிலடெல்ஃபியாவுக்கே வந்து, ஈகிள்ஸ் ரசிகர்கள் கண்ணு முன்னாடியே 160 யார்டு எடுத்து அவங்களை வீட்டுக்கு அனுப்பினார். வைட்சைட் மூணு வருஷத்துல ஈகிள்ஸுக்காகப் பிடிச்சது மொத்தம் 16 கேட்ச். 2022-ல அவரையும் அனுப்பிட்டாங்க. எங்கே? சியாட்டிலுக்கு.

அதனால ஈகிள்ஸ் ரசிகர்களுக்கு இந்த விஷயத்துல ரத்தம் கொதிக்கறது நியாயம்தான். அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா இந்தக் கோபத்துக்குள்ள ரெண்டு கேள்வி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. அதைப் பிரிச்சுப் பார்க்கணும்.

முதல் கேள்வி: "நிர்வாகம் சரியான ஆளை எடுத்ததா?" இது நிர்வாகத்தை நோக்கிய கேள்வி. இதுக்கு ரீகரையும் ஜெஃபர்சனையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தலாம். பதிலும் தெளிவு: எடுக்கலை.

இரண்டாவது கேள்வி: "ரீகர், நீ ஏன் ஜெஃபர்சன் இல்லை?" இது அந்தப் பையனை நோக்கிய கேள்வி. டிராஃப்ட் அன்னைக்கு அவருக்கு வயசு 21. தன்னை எந்த இடத்துல எடுக்கணும்னு அவர் முடிவு பண்ணலை. தனக்கு அடுத்து யார் வரணும்னும் அவர் முடிவு பண்ணலை. 2021 நவம்பர்ல நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரா கடைசி நொடிகள்ல வெற்றி டச்டவுனா ஆகியிருக்க வேண்டிய பந்தைக் கையில வாங்கி நழுவவிட்டார். ஈகிள்ஸ் 13-7-னு தோத்தாங்க. அந்தப் பந்துக்கு அவர்தான் பொறுப்பு, தாராளமா கேளுங்க. ஆனா ஜெஃபர்சன் வேற ஊர்ல எடுக்கற ஒவ்வொரு யார்டுக்கும் இவர் பொறுப்பாக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மினசோட்டாவுல ஒருத்தர் நல்லா ஆடினா, ஃபிலடெல்ஃபியாவுல இன்னொருத்தர் திட்டு வாங்கணுமா?

இன்னொரு கணக்கும் பாருங்க. அந்த டிராஃப்ட்ல ஜெஃபர்சனுக்கு முன்னாடி நாலு ரிசீவர்கள் போயாச்சு. 12-ல ரேய்டர்ஸ் ஹென்றி ரக்ஸை எடுத்தாங்க, 15-ல டென்வர் ஜெர்ரி ஜூடியை, 17-ல டாலஸ் சீடி லாம்பை, 21-ல ரீகர். லாம்ப் பிரமாதமா வந்துட்டார், டாலஸை யாரும் குறை சொல்ல முடியாது. மத்த ரெண்டு அணிகளும் ஜெஃபர்சனைத் தவறவிட்டவங்கதான். ஆனா இன்னைக்கும் இந்த விஷயத்துல பேச்சு வாங்கறது ரீகர் மட்டும். காரணம் ஒண்ணுதான்: 21-ம் 22-ம் பக்கத்துப் பக்கத்து நம்பர்.

"அடுத்த இவர்" என்ற பொறி

ரசிகர்கள் மட்டும்தான் இப்படி ஒப்பிடறாங்கன்னு நினைக்காதீங்க. நிர்வாகமும் இதுலதான் சறுக்கினது. 2019-ல ஈகிள்ஸோட வேகமான ரிசீவர் டிஷான் ஜாக்சன் காயத்துல விழுந்து மூணு ஆட்டம்தான் ஆடினார். அவர் இல்லாம நீளமா எறிஞ்சா பிடிக்க ஆளே இல்லை. அதனால அடுத்த வருஷம் தேடினது ஒரு திறமையை மட்டும் இல்லை, ஒரு ஆளோட நகலை. 'அடுத்த டிஷான்'.

ஜெஃபர்சன் அந்த அச்சுல பொருந்தலை. கல்லூரியில கடைசி வருஷம் அவர் பெரும்பாலும் ஸ்லாட்டுல ஆடினார். ஸ்லாட்னா கோட்டோட ஓரத்துல நிக்காம, கொஞ்சம் உள்ளே தள்ளி நிக்கற இடம். அந்த சீசன்ல 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச்டவுன். இருந்தும் "இவர் ஸ்லாட் ஆள், வெளியே நின்னு சமாளிப்பாரா?"ன்னு சந்தேகம். அப்ப பரவலா ஓடின பேச்சு இது. இதுல வேடிக்கை என்ன தெரியுமா? டிராஃப்ட்டுக்கு முந்தைய சோதனையில 40 யார்டு ஓட்டத்தை ஜெஃபர்சன் 4.43 நொடியில முடிச்சார். வேகத்துக்காக எடுத்த ரீகர் 4.47 நொடி! யார் மாதிரி இருக்கார்னு பார்த்த கண்ணு, அவர் யாருன்னு பார்க்கத் தவறிடுச்சு.

கிரிக்கெட் பார்க்கறவங்களுக்கு இது புதுசு இல்லை. 'அடுத்த கபில் தேவ்'ங்கற பட்டத்தை இர்ஃபான் பதான் எத்தனை வருஷம் சுமந்தார்னு நமக்குத் தெரியும்.

இதைவிடக் கொடுமையான உதாரணம் ஒண்ணு இருக்கு. 2022 டிராஃப்ட் ராத்திரி. டெனசி டைட்டன்ஸ் அவங்களோட பெரிய ரிசீவர் ஏ.ஜே. பிரவுனை ஈகிள்ஸுக்கே கொடுத்துட்டாங்க. பதிலுக்குக் கிடைச்சது அந்த வருஷத்து 18-வது இடமும் 101-வது இடமும். அந்த 18-வது இடத்துல டெனசி எடுத்தது ட்ரெய்லன் பர்க்ஸை. டிராஃப்ட்டுக்கு முன்னாடி பல பேர் பர்க்ஸை யாரோட ஒப்பிட்டாங்க தெரியுமா? ஏ.ஜே. பிரவுனோட! ஒரிஜினலைக் கொடுத்துட்டு, அவர் மாதிரியே இருக்கார்னு சொல்லப்பட்ட ஒருத்தரை அவரோட இடத்துலயே கொண்டுவந்து நிறுத்தினாங்க.

முதல் வருஷம் பர்க்ஸ் 444 யார்டு. பிரவுன் ஈகிள்ஸ்ல 1,496 யார்டு எடுத்து, 1983-லேர்ந்து நின்ன மைக் குயிக்கோட அணி சாதனையை முறியடிச்சார். அந்த டிசம்பர்ல டைட்டன்ஸ் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தாங்க. பிரவுன் 119 யார்டு, ரெண்டு டச்டவுன். ஈகிள்ஸ் 35-10. ரெண்டு நாள் கழிச்சு டெனசி அணியோட பொது மேலாளர் வேலையை இழந்தார். ஆக, ஒப்பீடுங்கறது டீக்கடைப் பேச்சு மட்டும் இல்லை. அதுல வேலை போகும், கோடிக்கணக்கான டாலர் போகும், ஒரு இளைஞனோட தொடக்க வருஷங்களும் போகும்.

அதே ஆள், வேற இடம்

இப்ப மாற்று உதாரணம். இதுவும் ஈகிள்ஸ்தான். 2015-ல 20-வது இடத்துல எடுத்த நெல்சன் அகலோர். முதல் ரெண்டு வருஷமும் பரிதாபம். 283 யார்டு, அப்புறம் 365 யார்டு. பந்தைக் கீழே போடறவர்னு பேர். 2016 நவம்பர்ல சியாட்டிலுக்கு எதிரா அவர் தப்பான இடத்துல நின்னதால அணியோட ஒரு டச்டவுனே ரத்தாச்சு. ஆட்டம் முடிஞ்சதும், தன் மேல தானே ஏத்திக்கற அழுத்தத்தைப் பத்தி வெளிப்படையா பேசினார். அடுத்த ஆட்டத்துல பயிற்சியாளர் அவரை வெளியே உட்கார வெச்சு மூச்சுவிட விட்டார்.

2017-ல என்ன மாறினது? ஸ்லாட்டுல ஆடின ஜோர்டன் மேத்யூஸை பஃபலோவுக்கு அனுப்பினாங்க. காலியான அந்த உள்பக்க இடத்துக்கு அகலோர் போனார். அதே கை, அதே கால். 62 கேட்ச், 768 யார்டு, 8 டச்டவுன். அந்த சீசன் சூப்பர் பவுல்ல 9 கேட்ச், 84 யார்டு. ஈகிள்ஸ் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 41-33-னு ஜெயிச்சு, அவங்க முதல் சூப்பர் பவுல் கோப்பையைத் தூக்கினாங்க.

ஒருத்தரை எதுக்குப் பயன்படுத்தறோங்கறது அவர் யாருங்கற அளவுக்கே முக்கியம்னு இந்த அணிக்குத் தெரியும். ஸ்லாட்டுங்கற இடம் அகலோரைக் காப்பாத்தினது. மூணே வருஷத்துல 'ஸ்லாட் ஆள்'ங்கற முத்திரை ஜெஃபர்சனை இவங்க கண்ணுலேர்ந்து மறைச்சது. ரெண்டும் ஒரே கட்டடத்துல நடந்தது.

ஆனா கோப்பை வாங்கிக் கொடுத்தும் அகலோருக்கு நிம்மதி இல்லை. 2019 செப்டம்பர்ல மேற்கு ஃபிலடெல்ஃபியாவுல ஒரு கட்டடத்துல தீ. மேலேர்ந்து போட்ட குழந்தைகளைக் கீழே நின்னு பிடிச்ச ஒருத்தர், டிவி கேமரா முன்னாடி, "நாங்க அகலோர் மாதிரி இல்லை, பிடிச்சோம்"ங்கற அர்த்தத்துல ஒரு வார்த்தை விட்டார். உலகமே சிரிச்சது. நானும் சிரிச்சேன், ஃபிலடெல்ஃபியாக்காரங்க நக்கலுக்கு ஈடே இல்லை! அகலோர் கோவிச்சுக்கலை. அந்த மனுஷரைப் பாராட்டி, ஆட்டம் பார்க்க வாங்கன்னு அழைச்சார். நாம 'நம்பர்'னு பேசற ஆளுங்க எவ்வளவு தாங்கறாங்கன்னு அப்ப தெரிஞ்சது.

நம்பர் சொல்றதும் சொல்லாததும்

சரி, ஒப்பிடவே கூடாதா? அப்படிச் சொன்னா ரசிகனுக்கு வேலையே இல்லை. ஒப்பிடுங்க, ஆனா எதை வெச்சுன்னு பாருங்க.

2024 சீசனை எடுத்துக்குவோம். ஜெஃபர்சன் 1,533 யார்டு. ஈகிள்ஸ்ல ஏ.ஜே. பிரவுன் 1,079 யார்டு. பார்த்த உடனே 454 யார்டு வித்தியாசம். முடிஞ்சதா? இல்லை. ஜெஃபர்சன் ஆடினது 17 ஆட்டம், பிரவுன் 13. ஆட்டத்துக்குன்னு பார்த்தா 90-ம் 83-ம். இடைவெளி சட்டுனு சுருங்கிடுச்சு. அடுத்து, அவங்களை நோக்கி எறிஞ்ச பந்து எத்தனை? ஜெஃபர்சனுக்கு 154, பிரவுனுக்கு 97. ஒரு பந்துக்கு எவ்வளவுன்னு வகுத்தா ஜெஃபர்சன் கிட்டத்தட்ட 10 யார்டு, பிரவுன் 11 யார்டுக்கு மேல. இப்ப பிரவுன் முன்னாடி!

அப்போ பிரவுன்தான் பெரிய ஆளா? அவசரப்படாதீங்க. நிறையப் பந்து வந்தா கஷ்டமான பந்தும் நிறைய வரும். ஜெஃபர்சனைச் சுத்தி ரெண்டு பேரை நிறுத்தறது எதிரணிகளுக்கு வாடிக்கை. பிரவுனுக்கு மறுபக்கம் டிவான்டா ஸ்மித்னு இன்னொரு அபாயம் நின்னதால, எல்லாரையும் இவர் பக்கம் அனுப்ப முடியலை. ஒரு நம்பர் சொல்றதை அடுத்த நம்பர் திருத்தும், அதை மூணாவது திருத்தும். வாக்குவாதம் ருசியா இருக்கறதே அதனாலதான். முதல் நம்பரோட எழுந்து போறவங்களுக்கு அந்த ருசி கிடைக்காது.

பிரவுனுக்கு ஏன் 97 பந்துதான்? அந்த வருஷம் லீகிலேயே மிகக் குறைவா பந்தை எறிஞ்ச அணி ஈகிள்ஸ். ஏன்னா சேக்வான் பார்க்லி பந்தைக் கையில வெச்சுக்கிட்டு ஓடியே 2,005 யார்டு எடுத்தார். ஓடியே ஜெயிக்கும்போது எதுக்கு எறியணும்? டிசம்பர்ல கரோலைனாவை வீழ்த்தி ஒன்பதாவது தொடர் வெற்றி. எதுல முன்னேறணும்னு கேட்டாங்க. பிரவுன் ஒரே வார்த்தையில, "பாஸிங்"னு சொன்னார். ஊரே ரெண்டா பிரிஞ்சது. "ஜெயிச்சும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான்"னு ஒரு பக்கம். "உண்மையைத்தானே சொன்னான்"னு இன்னொரு பக்கம். ஜனவரியில பிளேஆஃப்ல கிரீன் பே அணிக்கு எதிரா அவருக்கு ஒரே ஒரு கேட்ச், 10 யார்டு. மைதான ஓரத்துல உட்கார்ந்து அவர் புத்தகம் படிக்கறதைக் கேமரா பிடிச்சது. அவ்வளவுதான், "கோபத்துல படிக்கறான்"னு ஆரம்பிச்சாங்க. அவர் சொன்னதோ, மனசை ஒருமுகப்படுத்த எல்லா ஆட்டத்துலயும் படிக்கறேன்னு.

பிப்ரவரி 9, 2025. நியூ ஆர்லியன்ஸ்ல சூப்பர் பவுல். எதிரணி கேன்சஸ் சிட்டி, பார்க்லியை ஓடவிடக் கூடாதுன்னு வந்திருந்தாங்க. அன்னைக்குப் பந்தை எறிய வேண்டி வந்தது. பிரவுனுக்கு 3 கேட்ச், ஒரு டச்டவுன். ஸ்மித்துக்கு 4 கேட்ச், அதுல 46 யார்டு பறந்து வந்த ஒரு டச்டவுன். ஈகிள்ஸ் 40-22. மூணு கேட்சும் நாலு கேட்சும் ஃபேன்டஸி லீக்ல ஒண்ணுமே இல்லை. ஆனா ஓட்டம் நின்னா எறியறதுக்கு இந்த ரெண்டு பேர் இருக்காங்கன்னு வருஷம் முழுக்க எதிரணிகள் பயந்துக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பயத்துக்கு எந்த அட்டவணையிலயும் கட்டம் கிடையாது.

ஸ்மித்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. 2021-ல அவரை எடுத்தப்ப எடை சுமார் 77 கிலோ. "இந்த உடம்போட யார் நிலைச்சிருக்கா?"ன்னு கேட்டாங்க. அதுவும் ஒப்பீடுதான், முன்னாடி வந்த ஒல்லியானவங்களோட. முதல் வருஷமே 916 யார்டு. ஈகிள்ஸோட அறிமுக வீரர் சாதனை அது. முறியடிச்சது யாரோட 912-ஐ? டிஷான் ஜாக்சனோடது. 'அடுத்த டிஷான்'னு தேடி எடுத்தவரால ஆகாதது, இவரால நடந்தது.

அடுத்த வாக்குவாதத்துக்கு முன்னாடி

ஆகவே, உங்க அணி எதுவா இருந்தாலும், ரிசீவரைப் பத்தி வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, ஒரு ஆட்டத்துக்கு எத்தனை பந்து அவரை நோக்கி வருது? ரெண்டு, அவருக்குக் கொடுத்திருக்கற வேலை என்ன, அது அவருக்கு வர்ற வேலையா? மூணு, நான் கோபப்படறது இவர் ஆட்டத்து மேலயா, இல்லை இவரை எடுத்தவங்க மேலயா?

மூணாவதுதான் முக்கியம். ஏன்னா அதுக்குப் பதில் "எடுத்தவங்க மேல"ன்னு வந்தா, கூச்சலைத் திருப்பவேண்டிய இடம் மைதானத்துல இல்லை, மாடியில கண்ணாடி அறையில உட்கார்ந்திருக்கு. ரீகரை எடுத்த அதே நிர்வாகம்தான் அப்புறம் ஸ்மித்தை எடுத்தது, பிரவுனை வாங்கினது. அவங்களுக்குத் திருத்திக்க ரெண்டாவது வாய்ப்பு கிடைச்சது, மூணாவதும் கிடைச்சது. ரீகருக்கு அந்த ஊர்ல கிடைச்சது ரெண்டு சீசன்.

மினசோட்டாவுக்குப் போயும் அவர் பெருசா வரலை. சில பேர் எந்த இடத்துல போட்டாலும் நட்சத்திரம் ஆக மாட்டாங்க, அதுவும் உண்மைதான். ஆனா "சுமாரா ஆடினார்"னு சொல்லி நகர்ந்து போறது வேற. ஒருத்தர் பேரையே இன்னொருத்தர் பேருக்கு அடிக்குறிப்பா மாத்திடறது வேற. முதல்ல சொன்னது விமர்சனம். அதை எந்த விளையாட்டு வீரரும் தாங்கித்தான் ஆகணும். இரண்டாவது, அவர் செய்யாத வேலைக்கான தண்டனை.

உங்க அணியில 'அடுத்த இவர்'னு நீங்க பட்டம் கட்டி வெச்சிருக்கற ரிசீவர் யாரு? அவருக்குப் போன சீசன்ல எத்தனை பந்து வந்ததுன்னு தேடிப் பார்த்துட்டு, பேரோட அந்த நம்பரையும் சேர்த்து எழுதி அனுப்புங்க. நல்ல வாதங்களை அடுத்த எபிசோடுல எடுத்துப் பேசறேன். அதுவரைக்கும் சண்டை போடுங்க, சரியான ஆளோட போடுங்க.